பழைய நகல் எங்கே உட்கார்ந்திருக்கிறது? சர்வீஸ் வொர்க்கர் உள்ள வலைச்செயலிகளில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஃப்ளெக்ஸ், சில்வர்லைட் காலத்தில் பிளக்இன் செய்துகொடுத்த வேலைகளை இன்று பிரவுசரே செய்கிறது. சர்வீஸ் வொர்க்கர் (பக்கத்துக்கும் நெட்டுக்கும் நடுவில் நின்று கோரிக்கைகளைக் கையாளும் பின்னணி ஸ்கிரிப்ட்), மேனிஃபெஸ்ட் (செயலியின் பெயர், ஐகான் சொல்லும் கோப்பு), இன்டெக்ஸ்டுடிபி (பிரவுசருக்குள் உள்ள தரவுத்தளம்) மூன்றும் சேர்ந்தால் வலைப்பக்கம் ஒரு செயலியாகிவிடும். நெட் இல்லாமலும் திறக்கும், முகப்புத் திரையில் ஐகானாக நிற்கும், நோட்டிஃபிகேஷன் அனுப்பும். ஆனால் பிழை வந்தால் தேடுவது கடினம். சர்வரில் எல்லாம் சரியாக இருக்கும், உங்கள் கணினியிலும் சரியாக ஓடும், பயனரின் போனில் மட்டும் வேறு எதுவோ ஓடிக்கொண்டிருக்கும்.

இவற்றில் பெரும்பாலானவை கோடில் உள்ள தவறுகள் அல்ல. எங்கோ ஒரு கேஷில் (மறுபடி பயன்படுத்தச் சேமித்து வைக்கும் இடம்) இருக்கும் ஒரு பழைய நகல் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கோடில் கை வைத்தால் ஒரு பிழை இரண்டாகும்.

பதில் தருவது யார் என்று முதலில் பாருங்கள்

குரோம் பிரவுசரின் பிழைதேடும் கருவியான டெவ்டூல்ஸில் நெட்வொர்க் தாவலைத் திறந்து, அளவு காட்டும் பத்தியைப் பாருங்கள். அங்கே கேபி கணக்கு தெரிந்தால் பதில் வெளியிலிருந்து வந்தது. டிஸ்க் கேஷ், மெமரி கேஷ் என்றிருந்தால் பிரவுசரின் வழக்கமான எச்டிடிபி கேஷ் தந்தது. சர்வீஸ் வொர்க்கர் என்றிருந்தால் வொர்க்கர் கைமாற்றியது. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: வொர்க்கர் தானே வெளியே போய் எடுத்துவந்ததா, தன் கேஷிலிருந்து கொடுத்ததா என்பது அந்த வரியில் தெரியாது. வொர்க்கர் அனுப்பும் கோரிக்கைகள் பற்சக்கர அடையாளத்துடன் தனி வரியாக வரும். அந்த வரி இல்லையென்றால் பதில் கேஷ் ஸ்டோரேஜிலிருந்து, அதாவது வொர்க்கரின் சொந்தக் கேஷிலிருந்து, வந்திருக்கிறது.

அடுத்து அப்ளிகேஷன் தாவலில் சர்வீஸ் வொர்க்கர்ஸ் பகுதி. அங்கே ‘பைபாஸ் ஃபார் நெட்வொர்க்’ என்பதை டிக் செய்து பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். பிழை போய்விட்டால் குற்றவாளி வொர்க்கர்தான். போகவில்லையென்றால் எச்டிடிபி கேஷ், சிடிஎன் (கோப்புகளின் நகலை வைத்துத் தரும் இடைச் சர்வர்), சர்வர் என்று வெளிப்பக்கமாகத் தேடுங்கள். இந்த ஒரு சோதனை பாதித் தேடலை மிச்சப்படுத்தும். பார்த்து முடித்ததும் டிக்கை எடுத்துவிடுங்கள். மறந்தால் அடுத்து வரும் சோதனைகள் எல்லாம் பொய் சொல்லும்.

“அப்டேட் போட்டாச்சு, ஆனா பழசுதான் வருது”

அதிகம் கேட்கும் புகார் இதுதான். சர்வீஸ் வொர்க்கர்ஸ் பகுதியில் இரண்டு நிலைகளில் ஒன்று தெரியும்.

முதல் நிலை: பச்சைப் புள்ளியுடன் பழைய வொர்க்கர், அதற்குக் கீழே ‘வெயிட்டிங் டு ஆக்டிவேட்’ என்று புதியது. புதிய வொர்க்கர் இறங்கிவிட்டது, ஆனால் வேலையில் சேரவில்லை. பழைய குடித்தனக்காரர் வீட்டைக் காலி செய்தால்தான் புதியவர் குடிவர முடியும் என்பதுபோல, பழைய வொர்க்கரின் பிடியில் ஒரு பக்கம் திறந்திருந்தாலும் புதியது காத்திருக்கும். ரீலோட் செய்தால் போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். போதாது. ரீலோடின்போது புதிய பக்கத்தின் பதில் வரத் தொடங்கும்வரை பழைய பக்கம் விலகுவதில்லை, ஆகவே பழைய வொர்க்கருக்கு ஓய்வான கணமே கிடைக்காது. எல்லாத் தாவல்களையும், நிறுவிய செயலியின் சாளரத்தையும் மூடினால்தான் விடும். ஆண்ட்ராய்டில் சமீபச் செயலிகள் பட்டியலில் இருப்பதையும் தள்ளிவிட வேண்டும்.

பயனரிடம் இதைச் செய்யச் சொல்ல முடியாது. அதற்காக வொர்க்கரின் இன்ஸ்டால் கட்டத்திலேயே ஸ்கிப்வெயிட்டிங் (காத்திருக்காமல் உடனே வேலையில் சேரச் சொல்லும் கட்டளை) போட்டுவிடுவது பலருடைய வழக்கம். பெரும்பாலான செயலிகளுக்கு அது தவறான தீர்வு: பழைய ஜாவாஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும் பக்கத்துக்கு நடுவழியில் புதிய வொர்க்கர் பொறுப்பேற்கிறது. அதன் விளைவு அடுத்த அறிகுறியில் வருகிறது. சரியான வழி, புதியது காத்திருப்பதைக் கண்டதும் திரையின் கீழே ‘புதிய பதிப்பு தயார்’ என்று ஒரு பட்டன் காட்டுவது. பயனர் தொட்டதும் காத்திருக்கும் வொர்க்கருக்குச் செய்தி அனுப்புங்கள். அது ஸ்கிப்வெயிட்டிங்கை அழைக்கும். பக்கத்தை ஆளும் வொர்க்கர் மாறியதைச் சொல்லும் கன்ட்ரோலர்சேஞ்ச் நிகழ்வு வந்ததும் பக்கத்தை ஒரே ஒரு முறை ரீலோட் செய்யுங்கள்.

‘ஒரே ஒரு முறை’ என்பதில் கவனம் தேவை. ரீலோட் ஆகிவிட்டதா என்று ஒரு மாறியில் குறித்து வைக்காவிட்டால், டெவ்டூல்ஸில் ‘அப்டேட் ஆன் ரீலோட்’ டிக் இருக்கும்போது பக்கம் முடிவில்லாமல் சுழலும். திறந்திருக்கும் பக்கங்களை வொர்க்கர் உடனே ஆளச் செய்யும் கிளையன்ட்ஸ் கிளெய்ம் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னொன்று: முதல்முறை வருபவருக்கும் கன்ட்ரோலர்சேஞ்ச் வரும், காரணமே இல்லாமல் பக்கம் ஒருமுறை குதிக்கும். பக்கம் ஏறியபோதே ஒரு கன்ட்ரோலர் இருந்ததா என்று பார்த்து, இருந்தால் மட்டும் ரீலோட் செய்யுங்கள்.

இரண்டாம் நிலை: காத்திருக்கும் வொர்க்கரே இல்லை. அதாவது புதிய கோப்பு வந்ததே பிரவுசருக்குத் தெரியவில்லை. பிரவுசர் வொர்க்கர் கோப்பை பைட் பைட்டாக ஒப்பிட்டு, ஒரு பைட் மாறினாலும் புதியது என்று எடுத்துக்கொள்ளும். கோப்பில் மாற்றமே இல்லையென்றால் அப்டேட்டும் இல்லை. கேஷ் பெயரிலாவது பதிப்பு எண் மாற வேண்டும். வொர்க்கர் கோடு உருவாக்கித் தரும் வொர்க்பாக்ஸ் போன்ற கருவி, பில்டின்போது (கோடை வெளியிடத் தயார் செய்யும்போது) கோப்புப் பட்டியலை வொர்க்கருக்குள் எழுதிவிடுவதால் இது தானாக நடக்கும். அந்த பில்ட் படி ஓடாமல் போயிருந்தால் நடக்காது.

கோப்பு மாறியும் தெரியவில்லையென்றால் சிடிஎன் பழையதைப் பிடித்துவைத்திருக்கலாம். கர்ல் கட்டளையால் தலைப்புகளை (பதிலோடு வரும் குறிப்பு வரிகள்) மட்டும் கேட்டு, ‘ஏஜ்’ தலைப்பில் பெரிய எண் இருக்கிறதா என்று பாருங்கள். வொர்க்கர் கோப்புக்கு ‘நோ-கேஷ்’ கொடுத்து, சிடிஎன்னிலும் விதிவிலக்கு எழுதிவிடுவது நல்லது. குரோம் 68 முதல் வொர்க்கர் கோப்பை அப்டேட்டுக்காகச் சரிபார்க்கும்போது பிரவுசர் தன் எச்டிடிபி கேஷை ஒதுக்கிவிடுகிறது. ஆனால் வொர்க்கர் இம்போர்ட்ஸ்கிரிப்ட்ஸ் மூலம் இழுக்கும் துணைக்கோப்புகளுக்கு இந்தச் சலுகை இயல்பாகக் கிடையாது. அவற்றைக் கேஷிலிருந்தே எடுக்கும். பதிவு செய்யும்போது ‘அப்டேட்வயாகேஷ்’ மதிப்பை ‘நன்’ என்று வைத்தால் துணைக்கோப்புகளும் சரிபார்க்கப்படும்.

காலை திறந்து மாலைவரை மூடாமல் வைத்திருக்கும் பில்லிங், டாஷ்போர்டு போன்ற ஒரே பக்கச் செயலிகளில் இன்னொரு காரணம்: அப்டேட் சோதனை முக்கியமாகப் பக்கம் மாறும்போது நடக்கிறது. உள்ளுக்குள் ரவுட்டர் மாற்றுவது பிரவுசருக்குப் பக்க மாற்றம் ஆகாது. மணிக்கு ஒருமுறையோ, தாவல் மறுபடி கண்ணுக்குத் தெரியும்போதோ பதிவின் அப்டேட் செயற்கூறை நீங்களே அழையுங்கள்.

இவை எல்லாவற்றிலும் மோசமானது வொர்க்கர் கோப்பின் பெயரிலேயே பதிப்பு எண் போடுவது. பழைய வொர்க்கர் பழைய இன்டெக்ஸ் பக்கத்தைக் கேஷிலிருந்து கொடுக்கும். அந்தப் பக்கம் பழைய பெயருள்ள வொர்க்கரையே மறுபடி பதிவு செய்யும். புதிய பெயரை யாரும் ஒருபோதும் கேட்கமாட்டார்கள். வொர்க்கரின் முகவரி எந்நாளும் மாறக் கூடாது.

“டிப்ளாய் பண்ணதும் சிலருக்கு வெள்ளைத் திரை”

கன்சோலைத் திறந்தால் இரண்டில் ஒன்று இருக்கும்: ‘சங்க்லோட்எரர்’, அல்லது ‘அன்எக்ஸ்பெக்டட் டோக்கன்’ என்று சொல்லி ஒரு சிறுகோணக் குறி (<). இரண்டாவது விசித்திரமாகத் தோன்றினாலும் அதுதான் பெரிய துப்பு. ஜாவாஸ்கிரிப்ட் கோப்பின் முதல் எழுத்து சிறுகோணக் குறி என்றால், வந்தது ஜாவாஸ்கிரிப்ட் அல்ல, எச்டிஎம்எல்.

நடப்பது இது. பழைய இன்டெக்ஸ் பக்கம் ஹாஷ் பெயருள்ள (உள்ளடக்கம் மாறினால் மாறும் குறியீடு பெயரில் உள்ள) பழைய கோப்பைக் கேட்கிறது. டிப்ளாய் செய்தபோது (புதிய பதிப்பை சர்வரில் ஏற்றியபோது) அந்தக் கோப்பு அழிக்கப்பட்டுவிட்டது. ஒரே பக்கச் செயலிக்காக, தெரியாத முகவரி எதற்கும் இன்டெக்ஸ் பக்கத்தையே கொடு என்று சர்வரில் எழுதியிருக்கிறீர்கள். எனவே 404 (கோப்பு இல்லை) வர வேண்டிய இடத்தில் 200 (சரி) நிலையோடு எச்டிஎம்எல் வருகிறது. கேஷிலேயே முதலில் தேடும் கேஷ்-ஃபர்ஸ்ட் வொர்க்கர் 200தானே என்று நம்பி, அதை ஜாவாஸ்கிரிப்ட் முகவரியின் கீழ் சேமித்தும்விடுகிறது. அதன்பின் சர்வரைச் சரிசெய்தாலும் அந்தப் போனில் வெள்ளைத் திரை நிலைத்துவிடும். கேஷ் ஸ்டோரேஜைத் திறந்து அந்தக் கோப்பின் வரியைச் சொடுக்கி, கன்டென்ட்-டைப் தலைப்பைப் பாருங்கள். டெக்ஸ்ட் எச்டிஎம்எல் என்றிருந்தால் நோய் உறுதி.

தீர்வு நான்கு இடங்களில் வேண்டும். அசெட்ஸ் கோப்புறையில் இல்லாத கோப்புக்கு சர்வர் கண்டிப்பாக 404 தர வேண்டும். இன்டெக்ஸ் பக்கத்துக்கு ‘நோ-கேஷ்’, ஹாஷ் பெயருள்ள கோப்புகளுக்கு ‘மேக்ஸ்-ஏஜ்’ 31536000 விநாடியும் ‘இம்யூட்டபிள்’ குறிப்பும் கொடுங்கள். டிப்ளாயில் புதிய அசெட்ஸ் முதலில், இன்டெக்ஸ் கடைசியில் ஏற வேண்டும். பழைய அசெட்ஸை உடனே அழிக்காமல் முந்தைய சில பதிப்புகளாவது சர்வரில் கிடக்கட்டும். அது பிடிக்கும் இடம் அற்பம், அழித்தால் வரும் தொல்லை பெரிது. கடைசியாக, வொர்க்கர் எதையும் கேஷில் போடும் முன் நிலை எண்ணோடு கன்டென்ட்-டைப்பையும் சரிபார்க்கட்டும்.

மேலே சொன்ன அவசர ஸ்கிப்வெயிட்டிங்கும் இதே வெள்ளைத் திரையைத் தரும். புதிய வொர்க்கர் பொறுப்பேற்றதும் பழைய கேஷை அழித்துவிடும். திறந்திருக்கும் பழைய பக்கம் பிறகு ஒரு திரையைச் சோம்பலாக ஏற்றப் போகும்போது கோப்பு எங்கும் இருக்காது.

“வொர்க்கர் இன்ஸ்டாலே ஆகல”

கோப்புப் பட்டியலை மொத்தமாகக் கேஷில் சேர்க்கும் கேஷ் ஆட்ஆல் என்பது எல்லாம் அல்லது ஒன்றுமில்லை. 60 கோப்புகள் உள்ள பட்டியலில் ஒரு ஃபேவிகான் 404 ஆனாலும் முழு இன்ஸ்டாலும் தோற்கும். கன்சோல் ‘ஃபெயில்ட் டு ஃபெட்ச்’ அல்லது ‘ரிக்வெஸ்ட் ஃபெயில்ட்’ என்று மட்டும் சொல்லி, எந்தக் கோப்பு என்று சொல்லாது. நெட்வொர்க் தாவலில் சிவப்பு வரியைத் தேடுங்கள். அவசியமான சிலவற்றை மட்டும் ஆட்ஆலில் வைத்து, மற்றவற்றைத் தனித்தனியாகச் சேருங்கள்.

இன்ஸ்டால் ஆகியும் நெட் இல்லாதபோது முதல் பக்கம் மட்டும் திறக்கவில்லையென்றால் ரீடைரக்டைச் சந்தேகியுங்கள். சில ஹோஸ்டிங் சேவைகள் இன்டெக்ஸ் கோப்பின் பெயரோடு கேட்டால் வெறும் சாய்கோட்டுக்குத் திருப்பிவிடும். திருப்பப்பட்ட பதிலைக் கேஷில் வைத்து, பிறகு பக்கம் திறப்பதற்கு அதைக் கொடுத்தால் பாதுகாப்புக் காரணத்துக்காக பிரவுசர் மறுக்கும். பட்டியலில் திருப்பலுக்குப் பிந்தைய முகவரியையே எழுதுங்கள்.

“என் லேப்டாப்ல ஓடுது, போன்ல ஓடல”

லோக்கல்ஹோஸ்டுக்கு மட்டும் எச்டிடிபிஎஸ் விலக்கு உண்டு. அதே சர்வரை 192.168 எனத் தொடங்கும் வைஃபை முகவரி வழியாகப் போனில் திறந்தால் அது பாதுகாப்பான சூழல் அல்ல. நேவிகேட்டரில் சர்வீஸ் வொர்க்கர் என்ற பண்பே இருக்காது. சுயமாகக் கையெழுத்திட்ட சான்றிதழை வைத்து எச்சரிக்கையைத் தாண்டிப் போனாலும் பதிவு தோற்கும். எளிய வழி, யூஎஸ்பி கேபிள் செருகி குரோமின் இன்ஸ்பெக்ட் பக்கத்தில் போர்ட் ஃபார்வர்டிங் போடுவது. போனில் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்தாலே உங்கள் கணினி திறக்கும், டெவ்டூல்ஸும் கூடவே கிடைக்கும்.

நேரடித் தளத்திலும் ஓடவில்லையென்றால் ஸ்கோப்பை, அதாவது வொர்க்கர் ஆளும் எல்லையைப் பாருங்கள். வொர்க்கர் கோப்பு ஜேஎஸ் கோப்புறைக்குள் இருந்தால் அந்தக் கோப்புறைக்குக் கீழே உள்ளவற்றை மட்டும்தான் ஆளும். கோப்பைத் தளத்தின் வேருக்கு நகர்த்துங்கள். முடியாவிட்டால் ‘சர்வீஸ்-வொர்க்கர்-அலவ்ட்’ தலைப்பை சர்வரில் சேருங்கள். ஸ்கோப்பின் கடைசிச் சாய்கோட்டுக்கும் பொருள் உண்டு: சாய்கோட்டோடு எழுதிய ஸ்கோப், சாய்கோடு இல்லாத அதே முகவரியை ஆளாது.

“இன்ஸ்டால் பட்டன் வரல”

குரோமுக்கு எச்டிடிபிஎஸ், பெயர், 192 மற்றும் 512 பிக்சல் ஐகான்கள், தொடக்க முகவரி, ‘ஸ்டாண்ட்அலோன்’ போன்ற டிஸ்ப்ளே மதிப்பு ஆகியவை வேண்டும். இவை இருந்தும் பயனர் பக்கத்தில் ஒருமுறையாவது தொட்டு, மொத்தம் 30 விநாடியாவது செலவிட்ட பின்னரே நிறுவச் சொல்லும் அழைப்பு நிகழ்வு வரும். திறந்த உடனே வரவில்லை என்பது பிழை அல்ல. ஏற்கெனவே நிறுவியிருந்தாலும் வராது. ஐஓஎஸ் சஃபாரியில் அந்த நிகழ்வே கிடையாது. பகிர் பட்டன், ‘முகப்புத் திரையில் சேர்’ என்று படம் போட்டுக் காட்டுவதுதான் வழி.

பலர் மணிக்கணக்கில் தேடும் ஒன்று: மேனிஃபெஸ்ட் கோப்பை பிரவுசர் குக்கீ இல்லாமல் கேட்கிறது. சோதனைத் தளம் கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருந்தால் 401 (அனுமதி இல்லை) வரும், நேரடித் தளத்தில் மட்டும் சரியாக இருக்கும். லிங்க் குறிச்சொல்லில் கிராஸ்ஆரிஜின் மதிப்பை ‘யூஸ்-கிரெடென்ஷியல்ஸ்’ என்று வையுங்கள்.

ஐகானின் ஓரம் வெட்டுப்பட்டால், போன் தன் வடிவத்துக்கு வெட்டிக்கொள்ளும் மாஸ்கபிள் வகைக்கென்று தனிப் படம் செய்யுங்கள். லோகோ முழுவதும் படத்தின் அகலத்தில் 80 சதவீத விட்டமுள்ள நடுவட்டத்துக்குள் அடங்க வேண்டும்.

“ஐபோன்ல ஒரு வாரம் திறக்காம விட்டா டேட்டா போயிடுது”

இது பிழை அல்ல, சஃபாரியின் கொள்கை. 2020இல் வந்த ஐஓஎஸ் 13.4 முதல், பயனர் சஃபாரியைப் பயன்படுத்தும் 7 நாட்களில் உங்கள் தளத்தைத் தொடவே இல்லையென்றால் இன்டெக்ஸ்டுடிபி, லோக்கல் ஸ்டோரேஜ், வொர்க்கர் பதிவு எல்லாம் அழியும். முகப்புத் திரையில் சேர்த்த செயலிக்கு இந்த விதி பொருந்தாது. ஆனால் சஃபாரி தாவலில் எழுதிய இன்டெக்ஸ்டுடிபி அந்தச் செயலிக்குத் தெரியாது. ஆகவே முதலில் நிறுவச் சொல்லுங்கள், பிறகு தகவல் எழுதச் சொல்லுங்கள். சர்வருக்குப் போகாத எந்தத் தகவலையும் போனில் உள்ளது பத்திரம் என்று கருத வேண்டாம்.

“ஸ்டோரேஜ் ஃபுல்லுங்குது, ஆனா கொஞ்சம்தான் சேமிச்சிருக்கோம்”

வேறு தளத்திலிருந்து கோர்ஸ் (தன் கோப்பைப் படிக்க அந்தத் தளம் தரும் அனுமதி) இல்லாமல் எடுத்த படங்களைக் கேஷில் போடுகிறீர்களா? அவை ஒளிவுப் (ஓபேக்) பதில்கள், உள்ளே இருப்பதைப் பார்க்க முடியாது. உண்மை அளவு கசியக் கூடாது என்பதற்காக குரோம் ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 7 எம்பி வரை கூட்டிக் கணக்கெழுதுகிறது. 20 கேபி படங்கள் நூறு இருந்தால் 2 எம்பி. கணக்கிலோ பல நூறு எம்பி. அதோடு அந்தப் பதில்களின் நிலை எண் எப்போதும் 0 என்பதால், 404 வந்ததா படம் வந்ததா என்று வொர்க்கருக்கே தெரியாது. படக் குறிச்சொல்லில் கிராஸ்ஆரிஜின் சேர்த்து, சிடிஎன்னில் கோர்ஸ் தலைப்பையும் கொடுத்துவிட்டால் இரண்டும் தீரும்.

வீடியோ, ஆடியோ சஃபாரியில் மட்டும் ஓடாவிட்டால் காரணம் ரேஞ்ச் கோரிக்கை. சஃபாரி ஒரு துண்டைக் கேட்டு 206 பதிலை எதிர்பார்க்கும். வொர்க்கர் முழுக் கோப்பையும் 200 என்று கொடுத்தால் ஏற்காது. 206 பதிலைக் கேஷில் நேரடியாகப் போடவும் முடியாது. முழுக் கோப்பையும் சேமித்து, வொர்க்பாக்ஸின் ரேஞ்ச் பிளக்இன் வழியாகத் துண்டு போட்டுக் கொடுங்கள். பெரிய வீடியோ என்றால் வொர்க்கர் அதைத் தொடாமல் விடுவதே மேல்.

“ஆஃப்லைன்ல அனுப்பின ஃபார்ம் ரெண்டு தடவை பதிவாகுது”

சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் கோரிக்கை சர்வருக்குப் போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தொலையும். வொர்க்கர் தோல்வி என்று எண்ணி மறுபடி அனுப்பும். அனுப்பும் பக்கத்தில் இதைத் தடுக்க முடியாது. ஃபார்ம் நிரப்பும்போதே போனில் ஒரு தனித்துவ எண்ணை ரேண்டம் யூயூஐடி மூலம் உருவாக்கி, கோரிக்கையோடு அனுப்புங்கள். தரவுத்தளத்தில் அந்தப் பத்திக்கு யூனிக் கட்டுப்பாடு போடுங்கள். அதே எண் இரண்டாம் முறை வந்தால் புதிதாக எழுதாமல் பழைய வெற்றிப் பதிலையே திருப்புங்கள்.

அனுப்பக் காத்திருக்கும் கோரிக்கைகளின் வரிசையை நெட் வந்ததும் அனுப்ப உதவும் பேக்கிரவுண்ட் சிங்க் குரோமிய வகை பிரவுசர்களில் மட்டும்தான் உண்டு. சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸுக்காகச் செயலி திறக்கும்போதும் ஆன்லைன் நிகழ்வின்போதும் வரிசையைக் காலி செய்யும் கோடு தனியாக வேண்டும். நேவிகேட்டரின் ஆன்லைன் மதிப்பு ‘ட்ரூ’ என்பதற்கு வைஃபை போன்ற ஏதோ ஒரு நெட்வொர்க்கில் சேர்ந்திருக்கிறது என்று மட்டுமே பொருள். இணையம் இருக்கிறது என்று அல்ல.

வரிசையை வொர்க்கரின் குளோபல் மாறியில் வைத்திருந்தால் சில பதிவுகள் காணாமலும் போகும். குரோம் சும்மா இருக்கும் வொர்க்கரை 30 விநாடியில் நிறுத்திவிடும், மாறிகள் அதோடு மறையும். டெவ்டூல்ஸ் திறந்திருக்கும்போது வொர்க்கர் நிறுத்தப்படாது என்பதால் சோதனையில் இந்தப் பிழை ஒருபோதும் கண்ணில் படாது. வரிசை இன்டெக்ஸ்டுடிபியில்தான் இருக்க வேண்டும்.

“புஷ் நோட்டிஃபிகேஷன் வரல”

சர்வர் பக்கப் பதில் எண்ணிலிருந்து தொடங்குங்கள். 404 அல்லது 410 என்றால் அந்தச் சந்தா (அந்தப் போனின் நோட்டிஃபிகேஷன் பதிவு) செத்துவிட்டது, தரவுத்தளத்திலிருந்து நீக்குங்கள். 401, 403 என்றால் வேப்பிட் சாவி (அனுப்புவது உங்கள் சர்வர்தான் என்று நிரூபிப்பது) பொருந்தவில்லை, அல்லது டோக்கனின் காலாவதி 24 மணி நேரத்தைத் தாண்டியிருக்கிறது. 413 என்றால் செய்தி பெரிது. மறையாக்கத்துக்கு (என்கிரிப்ஷன்) முன் 3993 பைட்டுக்குள் இருக்க வேண்டும். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் 3 பைட், உயிர்மெய்யில் துணைக்குறிக்குத் தனியாக 3. ஆங்கிலத்தில் அடங்கிய செய்தி தமிழில் அடங்காமல் போவது இதனால்தான். எண்ணையும் தலைப்பையும் மட்டும் அனுப்பி, மீதியைத் திறக்கும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.

201 (ஏற்றுக்கொண்டது) வந்தும் போனில் காட்டவில்லையென்றால் வொர்க்கரின் புஷ் நிகழ்வைப் பாருங்கள். நோட்டிஃபிகேஷன் காட்டும் வாக்குறுதி (ப்ராமிஸ்), வேலை முடியும்வரை வொர்க்கரை நிறுத்தாமல் வைக்கும் வெயிட்அன்டிலுக்குள் இருக்கிறதா? இல்லையென்றால் பாதியில் வொர்க்கர் நின்றுவிடும். ஐபோனில் ஐஓஎஸ் 16.4 அல்லது மேல் வேண்டும், முகப்புத் திரையில் சேர்த்திருக்க வேண்டும், அனுமதியைப் பயனர் பட்டனைத் தொட்ட பிறகே கேட்க வேண்டும்.

எதுவும் கைகொடுக்காதபோது

உடைந்த வொர்க்கர் ஆயிரம் போன்களில் போய் உட்கார்ந்துவிட்டது என்று வையுங்கள். அவசரத்தில் வொர்க்கர் கோப்பை சர்வரிலிருந்து நீக்குவார்கள். அது பயன் தராது: 404 வந்தால் அப்டேட் தோற்றது என்று எடுத்துக்கொண்டு பிரவுசர் பழையதையே தொடரும்.

அதே முகவரியில், அதே பெயரில் ஒரு வெறுமை வொர்க்கரை வையுங்கள். இன்ஸ்டாலில் ஸ்கிப்வெயிட்டிங், இங்கே அது சரியான இடம். ஆக்டிவேட்டில் எல்லாக் கேஷ்களையும் அழித்து, பதிவை நீக்கி, திறந்திருக்கும் சாளரங்களை அவற்றின் முகவரிக்கே மறுபடி செலுத்த வேண்டும். ஃபெட்ச் நிகழ்வுக்குக் கையாளுநரே இருக்கக் கூடாது, அப்போதுதான் எல்லாக் கோரிக்கையும் நேரே சர்வருக்குப் போகும். இன்டெக்ஸ்டுடிபியைத் தொடாதீர்கள், அனுப்பப்படாத ஃபார்ம்கள் அங்கே இருக்கலாம். இந்தக் கோப்பை முதல் டிப்ளாய்க்கு முன்பே எழுதிச் சோதித்து ரெப்போவில் வைத்துவிடுங்கள். செயலியிலிருந்து வொர்க்கரையே கைவிட முடிவெடுத்தால் அந்த வெறுமை வொர்க்கர் சர்வரில் நிரந்தரமாக இருக்கட்டும். ஆறு மாதம் கழித்துத் திறக்கும் பயனரிடமும் பழைய வொர்க்கர் அன்றைக்குத்தான் அப்டேட் கேட்கும்.